முதல் மாறிலி

பாலிக்சியில் தண்டவாளம் முடிகிறது.
அப்பால் ஏரி, ஏரிக்கப்பால் பனிமலை.
இரண்டுக்கும் ரயில்வேயோடு பேச்சுவார்த்தை இல்லை.
என்னை பிஷ்கெக்கிலிருந்து வரவழைத்தது
ஒரு காலிப் பெட்டி.
இருபத்திரண்டு டன். ஓட்ட ஆளில்லாமல் ஓடி,
முட்டுச்சுவரைப் பெயர்த்து, மின்கம்பத்தைச் சாய்த்து,
ஊல்கானின் மீன்கொட்டகைக்குள்
மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.
புகையூட்டிய மீன்கள் சரளையெங்கும் பளபளத்தன.
தெருநாய்களுக்கு அன்று கல்யாணச் சாப்பாடு.

"காற்று" என்றார் இரவுக் காவலர் தொக்தோசுன்.
"உலான். பள்ளத்தாக்கின் வாயிலிருந்து வரும்.
ஆளையே தூக்கும், பெட்டி எம்மாத்திரம்?
கட்டை வைத்திருந்தேன். பெட்டி நின்றுதான் இருந்தது."

அந்தத் 'தான்' மட்டும்
கொஞ்சம் பாரமாக விழுந்தது.

நிலையக் கூரையில் காற்றுமானி
நொடிக்கொரு எண் எழுதி வைத்திருந்தது.
கம்பம் சாய்ந்ததும் கடிகாரம் நின்றது.
ஆக, காற்று கிளம்பியதிலிருந்து அறுபது வினாடி.
உராய்வு போக மிஞ்சிய விசையை வரைந்தேன்:
சுழியத்தில் கிளம்பி, முப்பதில் முகடேறி,
அறுபதில் சுழியத்துக்கே இறங்கும் ஒரு மேடு.

விசை ஒரே சீராக இருந்தால்
பள்ளிக்கூடச் சூத்திரம் போதும்.
இது கணத்துக்குக் கணம் மனம் மாறுகிற விசை.
நொடியை நூறாக, நூறை ஆயிரமாக அரிந்து
ஒவ்வொரு கீற்றின் தள்ளலையும் கூட்ட வேண்டும்.
நிறையால் வகுத்தேன், முடுக்கம்.
தொகையிட்டேன், திசைவேகம்:
காலத்தின் இரண்டாம் படி ஏற்றிவிட
மூன்றாம் படி இழுத்துப் பிடிக்க
வாலில் ஒரு மாறிலி.
மறுபடி தொகையிட்டேன், இடம்:
மூன்றாம் படி ஏற்ற, நான்காம் படி இழுக்க
வாலில் இன்னொரு மாறிலி.

முகடு தாண்டியும் வேகம் கூடிக்கொண்டேதான் இருக்கும்.
தளர்ந்த விசையும் சேர்க்கிற விசைதானே.
காற்று ஓய்ந்த அந்தக் கணத்தில்தான்
பெட்டி உச்ச வேகத்தில் இருந்தது.
ஊல்கானிடம் இதைச் சொன்னேன்.
"என் புருஷன் கோபம் மாதிரி" என்றாள்
மீனிலிருந்து கல்லைப் பொறுக்கியபடி.

இரண்டாம் மாறிலி எளிது.
கட்டையின் தடம் சரளையில் கிடந்தது,
அதையே சுழியம் என்றேன்.
முதல் மாறிலிக்கு தொக்தோசுனின் சொல்தான் சாட்சி:
நின்றுதான் இருந்தது. அதுவும் சுழியம்.

கணக்கு ஐம்பத்துநான்கு மீட்டர் என்றது.
அளவுநாடா எண்பத்துநான்கு என்றது.

மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.
முப்பது மீட்டர், காற்று தராதது.
அறுபதால் வகுத்தால்
வினாடிக்கு அரை மீட்டர்.
தூக்கக் கலக்கத்தில் ஒருவன் நடக்கும் வேகம்.
காற்று கை வைக்குமுன்
யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

எத்தனை முறை தொகையிட்டாலும்
தொடக்கம் விசைக்குள்ளிருந்து வராது.
வெளியே போய் யாரையாவது கேட்க வேண்டும்.

கேட்டேன்.
குடிலின் கதவோரம் கடப்பாரை சாய்ந்திருந்தது.
அதைப் பார்க்காமலிருக்க அவர் பட்ட பாடு.
"கதவு மேற்கே பார்த்தது" என்றார் கடைசியில்.
"காற்று வருமென்று முழங்கால் சொன்னது.
பெட்டியை நேரே கொண்டுவந்து நிறுத்தினால்
மறைப்பாக இருக்குமே என்று நெம்பினேன்.
எட்டடி தூரம்தான்.
கட்டையைப் போட்டேன். இருட்டு.
சக்கரம் அதற்குள் தாண்டிவிட்டது."

அடுப்பில் தண்ணீர் கொதித்து அடங்கியது.
இருவரும் எழவில்லை.

அறிக்கையில் எழுதினேன்:
தொடக்கத் திசைவேகம், வினாடிக்கு அரை மீட்டர்.
அடுத்த கட்டம், காரணம்.
சமன்பாடு எவ்வளவு என்றுதான் கேட்கும்,
ரயில்வே யார் என்று கேட்கும்.
'கடப்பாரை' என்று எழுதி
'மேற்குப் பார்த்த கதவு' என்றும் சேர்த்தேன்.
மேலதிகாரி இரண்டில் ஒன்றை அடிப்பார்.
எதை என்று தெரியவில்லை.

சிற்றுந்தில் ஏறும்போது
ஊல்கான் இரண்டு மீன் பொதிந்து தந்தாள்.
காகிதம் என்னுடையது, மூன்றாம் முறை போட்ட கணக்கு.
மலை வளைவுகளில் எண்ணெய் ஊறி
நான்காம் படி மறுபக்கம் தெரிந்தது.